அப்பாவின் லென்சும் புதிய மோட்டாரும்

என் வேலையில் அடிக்கடி எழும் கேள்வி இது: பழைய மென்பொருளோடு புதியதைச் சேர்ப்பதா, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுவதா? 1980களில் கமரா செய்தவர்களுக்கும் இதே கேள்விதான்.

நீங்கள் கைபேசியை நீட்டியதும் படம் தானாகத் தெளிகிறது, இல்லையா? பிலிம் கமராவில் அதற்கு லென்சின் வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். 1985இல் மினோல்டா 7000 அந்த வேலையைத் தனக்குள் இருந்த மோட்டாரிடம் கொடுத்தது. லென்சின் இரு ஓரங்கள் வழியே வரும் ஒளி இரண்டு உருவங்களாக விழும். அவை எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்தால், எந்தப் பக்கம், எவ்வளவு திருப்புவது என்று தெரிந்துவிடும்.

ஆனால் தொழில்முறைப் படப்பிடிப்பாளரிடம் ஏற்கெனவே பெட்டி நிறைய லென்ஸ்கள் இருந்தனவே! கனோன் 1987இல் லென்ஸ் பொருத்தும் வாயையே மாற்றி, லென்சுக்குள் மோட்டாரை வைத்தது. பழைய லென்ஸ்காரர்கள் கொதித்தார்கள். நிக்கோன் 1959இன் வாயை விடவில்லை. 1988இல் வந்த எஃப்4, தன் உடலில் இருந்த மோட்டாரால் லென்சைச் சுழற்றியது.

வேகத்தில் கனோன் முந்தியது. 1990களில் விளையாட்டு மைதானங்களில் அதன் வெள்ளை லென்ஸ்கள் நிறைந்தன. நிக்கோனும் பிறகு லென்சுக்குள் மோட்டார் வைத்தது, வாயை மாற்றாமலே.

என்னுடைய எஃப்4இல் அப்பாவின் பழைய லென்ஸ் பொருந்துகிறது. கையால்தான் திருப்ப வேண்டும். சரியான இடம் வந்ததும் உள்ளே சிறு விளக்கு எரியும்.

எதையாவது மாற்றப் போகிறீர்களா? யாருடைய பெட்டியில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.