விராலுக்கு இன்று விரதம்

நம் வீடுகளில் பாசத்தைச் சோற்றால்தான் அளப்போம். வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிடுவோம். வளர்ப்புப் பிராணிகளுக்கும் இதே கணக்குதான். பூனை கத்தினால் ஒரு துண்டு மீன், நாய் வாலாட்டினால் ஒரு பிஸ்கட். இந்தக் கணக்கு செல்லாத ஓர் உயிர் ஆறு வருடமாக எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. அது ஒரு விரால் மீன்.

மலாய்க்காரர்கள் இதை ஹருவான் என்பார்கள். நம்மவர்களில் பலரும் அப்படித்தான் சொல்கிறோம். காலைச் சந்தையில் மற்ற மீன்கள் ஐஸ் மேல் கிடக்கும்போது, இது மட்டும் கொஞ்சம் தண்ணீர் உள்ள வாளியில் உயிரோடு நெளிந்துகொண்டிருக்கும். செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க இதற்குத் தனி உறுப்பு உண்டு. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை இழுத்துக்கொள்ளும். வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். ஆகவே தொட்டியை விளிம்புவரை நிரப்பக் கூடாது. துள்ளுவதிலும் கெட்டிக்காரன் என்பதால் மூடியின் மேல் கனமாக ஏதாவது வைக்க வேண்டும்.

என் அம்மாவுக்கு விரால் ஒரு மருந்து. பிள்ளை பெற்றவர்களுக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் ஹருவான் சூப் கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும் என்று இந்த நாட்டில் எல்லா இனத்தவர் வீடுகளிலும் நம்புகிறார்கள். ஹருவான் சாறு புட்டியிலும் மாத்திரையிலும்கூட விற்பனைக்கு வருகிறது. எங்கள் நான்கடித் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா, "யாருக்காவது ஆப்பரேஷன்னா சொல்லு, சந்தைக்கு அலைய வேணாம்" என்பார்.

வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு வேறு ஆசை. "ஒரு தங்க மீனை உள்ளே போடுங்களேன், பார்ப்போம்!" விரால் வேட்டையாடுவது பார்க்கத் தக்கதுதான், மறுக்கவில்லை. அசையாமல் நிற்கும். உடம்பை வில்லாக வளைக்கும். அடுத்த கணம் இரை இருந்த இடம் காலியாகிவிடும்.

இருந்தாலும் நான் உயிர் மீன் போடுவதில்லை. இரைக்கென்று மலிவாக விற்கும் மீன்களை நெருக்கியடித்து வைத்திருப்பார்கள். வெள்ளைப்புள்ளி போன்ற நோய்களும் ஒட்டுண்ணிகளும் அவற்றோடு சேர்ந்து தொட்டிக்குள் வந்துவிடும். தங்க மீனில் வைட்டமின் பி1 சத்தை அழிக்கும் ஒரு நொதியும் உண்டு. அதையே தொடர்ந்து தின்னும் மீனுக்கு அந்தச் சத்துக் குறைந்து நலம் கெடும். இவை போக, பார்ப்பவர்களுடைய பொழுதுபோக்குக்காக ஓர் உயிரைத் தப்பிக்க வழியில்லாத கண்ணாடிப் பெட்டியில் தள்ளுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. காட்டில் இரைக்கு ஒளிய வேரும் புல்லும் இருக்கும், தொட்டியில் என்ன இருக்கிறது?

என் விரால் உரித்த இறால், முள் நீக்கிய மீன் துண்டு, மண்புழு, எப்போதாவது சில்வண்டு சாப்பிடும். இப்போது மிதக்கும் உருண்டைத் தீவனமும் பழகிவிட்டது. பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். முதலில் இறால் துண்டை மெல்லிய குச்சியில் குத்தித் தண்ணீரில் ஆட்டினேன். அசைந்தால்தான் அதற்கு அது உணவு. சில வாரங்களில் குச்சி தேவைப்படவில்லை. பிறகு இறாலுக்கு நடுவே தீவன உருண்டையைச் சேர்த்தேன். பசி இருந்ததால் அதையும் விழுங்கியது.

அந்தப் பசியைக் காப்பாற்றுவதுதான் சிரமமான பகுதி. குஞ்சாக இருக்கும்போது தினமும் கொடுக்கலாம். வளர்ந்த விராலுக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒரு வேளை போதும். பதுங்கி இருந்து பாயும் மீனுக்கு ஆற்றிலும் தினமும் விருந்து கிடைப்பதில்லை. தொட்டியில் அதற்கு ஓட்டமும் குறைவு. தினமும் போட்டால் கொழுப்பு ஏறும், கழிவும் மிச்ச உணவும் அழுகித் தண்ணீரில் அமோனியா கூடும்.

இது எனக்குத் தெரியும், மீனுக்குத் தெரியாது. ஆள் நடந்தால் கண்ணாடியோரம் கூடவே வரும், வாயைத் திறந்து திறந்து பார்க்கும். "ப்பா, அது பட்டினி கிடக்குது, பாவம்ப்பா" என்று என் மகள் கண் கலங்கியிருக்கிறாள். "இன்னைக்கு அதுக்கு விரதம்மா" என்று சொல்லி வைத்தேன். அவளே நாட்காட்டியில் சாப்பாட்டு நாளுக்கு வட்டமிட ஆரம்பித்தாள். வட்டமில்லாத நாளில் பாட்டி இறாலோடு வந்தால், இப்போது தடுப்பவளும் அவள்தான்.

போன ஆண்டு என் அக்கா மகன் வந்து நின்றபோது இந்த விஷயம் விளையாட்டாக இல்லை. அவன் வளர்த்தது தோமான், விரால் குடும்பத்திலேயே பெரியவற்றில் ஒன்று. கடையில் விரல் நீளத்தில் செந்நிறமாக, பக்கவாட்டில் கறுப்புக் கோடுகளோடு அழகாக இருக்கும். வளர வளரச் சிவப்பு மறைந்து கருநீலம் ஏறும். ஒரு மீட்டரைத் தாண்டி 20 கிலோ வரை வளரக்கூடிய மீன் அது. அவனுடையது இரண்டே ஆண்டில் இரண்டடியைத் தொட்டு, தொட்டிக்குள் திரும்ப இடமில்லாமல் கிடந்தது.

"மாமா, நம்ம தாமான் குளத்துல விட்டுடலாமா? இந்த நாட்டு மீன்தானே?" என்றான்.

அவனுக்கு அமெரிக்கக் கதையைச் சொன்னேன். மேரிலாந்து மாநிலத்தில் ஒருவர், நோயுற்ற சகோதரிக்குச் சூப் வைக்க உயிரோடு இரண்டு விரால்களை வாங்கினார். அதற்குள் சகோதரி குணமாகிவிட்டார். மீன்களைத் தொட்டியில் வளர்த்தார். அவை பெரிதாகி, தீனி போட்டு மாளாமல், குரோப்டன் என்ற ஊரின் குளத்தில் விட்டார். 2002-இல் அந்தக் குளத்தையே மருந்து போட்டு அழிக்க வேண்டியதாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் செத்து மிதந்தன. அதே ஆண்டில் உயிருள்ள விரால் வகைகளை இறக்குமதி செய்ய அமெரிக்கா தடை விதித்தது.

நம் நாட்டு மீன் என்றாலும் நம் தாமான் குளம் அதன் ஆறு இல்லை. அங்கே இருக்கும் சிறு மீன்களைத் தின்று தீர்க்கும், தொட்டி நோயைப் பரப்பும். தோமான் ஜோடி சேர்ந்து குஞ்சு பொரித்தால் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், கிட்டே வருபவரைப் பாய்ந்து கடிக்கும். அந்தக் குளத்தங்கரையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

அம்மா ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: "குழம்பு வை." பையன் முகம் வெளிறிவிட்டது. உண்மையைச் சொன்னால், குளத்தில் விடுவதைவிட அது நேர்மையான யோசனை.

பல இடங்களில் விசாரித்து, பந்திங் பக்கம் குளத்தில் திலாப்பியா வளர்க்கும் ஒரு நண்பரைப் பிடித்தோம். திலாப்பியா அளவில்லாமல் குஞ்சு பொரித்தால் எதுவும் பெரிதாக வளராது. குஞ்சுகளைக் குறைக்க விரால் வகை மீனை விடுவது பழைய வழக்கம். அவருடைய குளத்துக்கு ஆற்றோடு தொடர்பில்லை. ஈரத்துணி சுற்றி, மூடியுள்ள பெட்டியில் கொண்டுபோனோம். திரும்பும் வழியெல்லாம் பையன் பேசவில்லை.

வேட்டை மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். ஓர் அடிக்குள் நிற்கும் சிறிய வகை விரால்களும் உண்டு, அவற்றிலிருந்து தொடங்குங்கள். மற்ற மீனோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். தோமான் குஞ்சின் விலை என்ன என்று கடையில் கேட்கும்போது, மூன்று வருடம் கழித்து இதை எங்கே வைப்பேன் என்று உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால், கண்ணாடி வழியே ரசித்துவிட்டு வெறும் கையோடு வீடு திரும்புவது அந்த மீனுக்கும் நல்லது.