ஊதாத விசில்

மாமியாருக்கு அடுத்தபடியாக இந்த உலகத்தில் அதிகம் வசவு வாங்குகிறவர் கால்பந்து ரெபரியாகத்தான் இருக்க வேண்டும். மாமியாருக்காவது பரிந்து பேச ஒரு பிள்ளை இருப்பான். ரெபரிக்கு அந்தப் பாக்கியமும் கிடையாது. தோற்றவன் திட்டுகிறான், ஜெயித்தவனோ, "இன்னும் இரண்டு கோல் போட்டிருப்போம், இந்த மனுஷன் கெடுத்தான்" என்று திட்டுகிறான்.

2023 மார்ச் மாதத்தில் ஒரு நாள் மாலை, அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் அப்படி ஒரு ரெபரியின் தலை உருண்டுகொண்டிருந்தது. முதல் நாள், மார்ச் 3-ஆம் தேதி, பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு அணிக்கும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கும் ஐ.எஸ்.எல். போட்டி. தொண்ணூறு நிமிஷத்தில் யாரும் கோல் போடவில்லை. கூடுதல் நேரத்தில் பெங்களூருக்கு ஒரு ப்ரீ கிக். கேரளத்துப் பையன்கள் வரிசை கட்டித் தயாராவதற்குள் சுநீல் சேத்ரி பந்தைத் தட்டி வலைக்குள் அனுப்பிவிட்டார். ரெபரி கோல் என்றார். கேரளத்துப் பயிற்சியாளர் தம் ஆட்களை மைதானத்தை விட்டே அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

கடையில் ஒரு கட்சிக்குத் தலைவர், சிமெண்டு ஏற்ற வந்திருந்த மலையாளத்து லாரி டிரைவர். எங்கள் ஊரில் சுண்ணாம்புக் கல்லுக்கும் லாரிக்கும் பஞ்சமே இல்லை. எதிர்க்கட்சி, பெங்களூரில் வேலை பார்த்து லீவில் வந்திருந்த உள்ளூர்ப் பையன்.

"விசிலே ஊதலா. பின்னே எப்படி கோல் ஆகும்?" என்றார் டிரைவர்.

"அண்ணே, விசில் ஊதணும்னு சட்டமே இல்லை. சட்டத்தைப் படிச்சுட்டுப் பேசுங்க."

"சட்டம் படிக்கான் நான் வக்கீலோ?"

டீ மாஸ்டர் பாய்லரிலிருந்து திரும்பிப் பார்த்து, "எதுக்கு வீண் சண்டை? இதோ ஐயா இருக்காரு, அந்தக் காலத்துல ரெபரியா இருந்தவரு. அவரையே கேளுங்க" என்று என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார்.

சட்டம் பையன் பக்கம்தான். ப்ரீ கிக் பெற்ற கட்சி, எதிரிகள் பத்து கஜம் விலகி நிற்க வேண்டும் என்று ரெபரியிடம் கேட்டுக்கொண்டால், அவர் விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். கேட்காவிட்டால் உடனே அடிக்கலாம். ஆனால் ரெபரி முதலில் எதிரிகளைத் தள்ளி நிற்கச் சொன்னாரா இல்லையா என்பதில்தான் வழக்கே. அதை நான் எப்படிச் சொல்வது? வீடியோவில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நடுவர் அந்தப் பந்தயத்தில் கிடையாது. பிற்பாடு கால்பந்து சம்மேளனம் கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டங்கள் தடையும் விதித்தது. அதற்குப் பிறகும் டிரைவர் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

அன்று நான் ஏதோ மழுப்பிவிட்டு எழுந்து வந்தேன். ரெபரி என்று டீ மாஸ்டர் சொன்னதுதான் உறுத்தியது. என் ஆயுளில் நான் ரெபரியாக இருந்தது ஒரே ஒரு நாள், ஒன்றரை மணி நேரம்.

அது 1981 பொங்கல் சமயம். எனக்கு அப்போது அரியலூரில் உத்தியோகம். ஊர் அன்றைய திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தது. கடைத்தெருப் பையன்களுக்கும் ரயிலடிப் பையன்களுக்கும் வருஷா வருஷம் பந்தயம் நடக்கும். பந்தயம் என்பது மரியாதைக்குச் சொல்வது. கோப்பையின் விலை முப்பது ரூபாய்கூட இராது. அதற்காகச் சொந்த மைத்துனனோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த வருஷம் விசில் ஊத வரவேண்டிய டிரில் மாஸ்டர் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். "சார் கதை எழுதுகிறவர், வெளியூர்க்காரர், நடுநிலையாக இருப்பார்" என்று என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். கதை எழுதுகிறவனைப் போலக் கட்சி கட்டுகிறவன் வேறு யாரும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. சட்டப் புத்தகத்தைப் படித்திருந்தேன் என்பது என்னவோ உண்மை.

காலண்டர் அட்டையைக் கத்தரித்து, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் சிவப்புத் தடவிப் பையில் வைத்துக்கொண்டேன். இந்த அட்டை யோசனையே கென் ஆஸ்டன் என்ற இங்கிலீஷ் ரெபரி ஒருவருடையது. 1962-இல் சிலி தேசத்தில் சிலிக்கும் இத்தாலிக்கும் நடந்த உலகக் கோப்பைப் போரை (ஆட்டம் என்று சொல்ல நா எழவில்லை) ஊதி அனுபவப்பட்டவர். 1966-க்குப் பிறகு ஒருநாள் லண்டனில் காரில் போகும்போது சாலை விளக்கின் மஞ்சளையும் சிவப்பையும் பார்த்து அவருக்குப் புத்தியில் பட்டதாம். 1970-இல் மெக்ஸிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன. விளக்குக்கு எல்லோரும் நிற்கிறார்களா என்பதை அவர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பார்த்திருக்கலாம்.

அட்டை பையில் இருந்தது. மனசில் வேறொன்று இருந்தது. முந்தைய ஆகஸ்டு 16-ஆம் தேதி, கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் லீக் ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் தடுப்பாட்டக்காரர் திலீப் பாலித்துக்கும் மோகன் பகானின் பிதேஷ் போஸுக்கும் மோதல்; முரட்டுத் தடுப்பு, பதிலுக்கு ஓர் உதை. ரெபரி இருவரையும் வெளியே அனுப்பினார். இரண்டு கட்சி ரசிகர்களும் ஒரே காலரியில் உட்கார்ந்திருந்தார்கள். கல் பறந்தது, ஓடினார்கள், நெரிந்தார்கள். பந்து பார்க்க வந்த 16 பேர் வீடு திரும்பவில்லை. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் கல்கத்தாவில் அவர்கள் நினைவாக ரத்த தானம் செய்கிறார்கள். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்ததிலிருந்து விசில் என்றாலே எனக்கு அந்தப் பதினாறு பேர் ஞாபகம்.

இரண்டாவது பாதியில் ஸ்கோர் ஒன்றுக்கு ஒன்று. ரயிலடியில் வலப்பக்கம் ஆடியவன் தையற்கடைப் பையன், பத்தொன்பது வயசிருக்கும். மிஷின் மிதித்து மிதித்து உரம் ஏறிய கால். பந்தைத் தட்டிக்கொண்டு இரண்டு பேரைத் தாண்டிவிட்டான். பின்னாலிருந்து கடைத்தெருத் தடியன் ஒருவன் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு சறுக்கி வந்தான். காய்ந்த மட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

விசில் என் வாயில்தான் இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் கடைத்தெருக் கூட்டம், கையில் கரும்போடு. நான் ஊதவில்லை. பந்து அங்கிருந்து உருண்டு கடைத்தெருக்காரன் காலுக்குப் போய், அங்கிருந்து கோலுக்குள் போயிற்று. அதற்கு ஊதினேன்.

அப்புறம் நடந்ததை விஸ்தரிக்க வேண்டாம். ஒரு மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அவனை ஏற்றிப் போனார்கள். கட்டு வைத்தியர் கட்டினார். எலும்பு கூடியது, கொஞ்சம் கோணலாக. அன்று ராத்திரி முதல் டீக்கடையில் ஒரு மாதம் அதே பேச்சு. "பந்தைத்தான் தொட்டான்" என்று ஒரு கட்சி. "காலைத்தான் தொட்டான்" என்று ஒரு கட்சி. என்னைக் கேட்டார்கள். "நடுவில் ஒருவன் மறைத்துவிட்டான், நான் பார்க்கவில்லை" என்றேன்.

பந்தைத் தொட்டானா என்பதே அசட்டு வாதம். பந்தைத் தொட்டாலும் காலை முறித்தால் பவுல்தான். 1998 உலகக் கோப்பைக்கு முன்னால், பின்னாலிருந்து வந்து உடலுக்கு ஆபத்தாகத் தடுத்தால் நேரே சிவப்பு அட்டை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதைப் பத்திரிகையில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு செல்லவில்லை.

கல்கத்தா மாதிரி ஆகிவிடுமே என்று பயந்தேன் என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லி வந்தேன். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் மைதானத்தில் காலரி ஏது, சுவர் ஏது? முந்நூறு பேர் நாலா பக்கமும் ஓடினாலும் யாரும் நெரிந்திருக்கமாட்டார்கள். எனக்கு விழுந்திருக்கக் கூடியது, அதிகம் போனால், இரண்டு கரும்படி.

இந்த ஊரின் பெயரை நாடு முழுவதும் கேட்டது 1956 நவம்பரில். மருதையாற்று வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டபோது. டில்லியில் இருந்த ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டார். அவர் பாலத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. நான் ஆறு கஜத்தில் இருந்தேன்.

பையன் இடது காலால் மிஷின் மிதிக்கப் பழகிக்கொண்டான். பிறகு சொந்தக் கடை வைத்தான். மிஷினுக்கு மோட்டார் வந்தது. நாற்பது வருஷமாக என் சட்டைகள் அவனிடம்தான். அந்த ஆட்டத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாற்றாந்தாய் வீட்டில் சாப்பிடுகிறவன் மாதிரி நானும் அளவு கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

டீக்கடைச் சண்டை நடந்த அன்று நேரே அவன் கடைக்குப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது. பட்டன் கட்டிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு நான் பார்த்தேன்ப்பா" என்றேன். என்றைக்கு என்று சொல்லத் தோன்றவில்லை, அவனும் கேட்கவில்லை.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "தெரியும் சார். விழுந்து கிடந்தப்ப நான் உங்களைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன். விசில் வாயிலதான் இருந்துச்சு."

எனக்குப் பேச்சு எழவில்லை. அவன் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக்கொண்டு, வலது காலைச் சற்று இழுத்தபடி எழுந்து வந்தான்.

"நேரா நில்லுங்க சார். போன தடவைக்கு இப்ப ரொம்ப இளைச்சிருக்கீங்க. பழைய அளவு சரிப்படாது."