கயிற்றைப் பிடித்தவருக்குத் தெரியும்
அமெரிக்கப் புறநகர்களில், அடுத்த வீட்டுப் புல்தரையில் நாய் அசிங்கம் செய்வதால் வரும் சண்டையை அற்பம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ‘சாணம் மாதிரி இதுவும் உரம்தானே’ என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். நாய் மலத்தோடு மண்ணில் இறங்கும் உருளைப்புழு முட்டைகள் மாதக்கணக்கில், சிலசமயம் வருடக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். அங்கே விளையாடும் குழந்தையின் விரல் வழியே வாய்க்குப் போகும். சிறுநீர் விழுந்த இடத்தையும் பாருங்கள்: நடுவில் கருகிய வட்டம், சுற்றிலும் கரும்பச்சை வளையம். நைட்ரஜன் மிஞ்சினால் புல்லும் தாங்காது.

‘வாயில்லா ஜீவனுக்கு எல்லை தெரியுமா?’ தெரியாதுதான், கயிற்றைப் பிடித்தவருக்குத் தெரியுமே! நியூயார்க்கில் 1978 ஆகஸ்டில் நாயின் மலத்தை வளர்ப்பவரே அள்ள வேண்டும் என்ற சட்டம் வந்தபோது நாய் வளர்ப்போரிலேயே பலர் எதிர்த்தார்கள். இன்று அங்கே பையோடு நடப்பது சாதாரணப் பழக்கம். சிறுநீரை அள்ள முடியாதே என்பது நியாயமான கேள்வி. புல்தரையைத் தாண்டும்வரை கயிற்றைக் குறுக்கிப் பிடிக்கலாம்.