மாமரத்தடி வகுப்புகள்

மலாவியில் 1994-இல் தொடக்கப்பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டபோது, சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் தொகை ஏறக்குறைய 30 லட்சமாகப் பெருகியது. அந்த நெரிசல் இன்னும் தணியாததை, நாங்கள் தன்னார்வப் பணிக்குச் சென்ற சிற்றூரின் மாமரத்தடியில் கண்டோம். காலையில் செங்கல் சுமந்தோம். பிற்பகலில் ஆங்கிலம் கற்பித்தோம். மண் குழைக்கும் நீரைப் பெண்கள் தொலைவிலிருந்து தலையில் சுமந்து வந்தனர். நன்கொடைக் கணக்கில் அதற்கு இடமில்லை. சுவர் எழுவதைக் காண்பதில் ஒரு கிளர்ச்சி உண்டு, மறுப்பதற்கில்லை. பாடமோ, அவ்வூர் ஆசிரியை சிச்சேவா மொழியில் விளக்கிய பின்னரே பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. அவர் ஒருவர், பிள்ளைகள் நூற்றுக்கும் மேல். தகரக் கூரை ஏறிய அன்று ஊர்த்தலைவர் நன்றி கூறிவிட்டு, "கட்டடம் வந்துவிட்டது, இன்னோர் ஆசிரியர் எப்போது வருவார்?" என்று கேட்டார். ஆசிரியைதான் எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். மறுநாள் எங்களுக்குப் பயணம்.