பார் மிதிக்காத கால்

ஊர் நிலத்தை விற்பது பற்றி அப்பாவிடம் பேச ஒரு நல்ல இடம் வேண்டியிருந்தது. டப்ளினில் வீடு வாங்க முன்பணம் குறைந்தது. அதனால் அவரை மேயோ கவுண்டிக்குக் கூட்டிப்போனேன். நாலு மணி நேரத்துக்கு மேல் கார். பாலம் தாண்டினால் அக்கில் தீவு. கடல், மலை, செம்மறி ஆடுகள்.

ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட கூரையில்லாத கல்வீடுகள். நான் படமெடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா சரிவையே பார்த்தார்.

"புல்லுக்கு அடியில கவனிடா. பார் புடிச்சிருக்காங்க."

இருந்தது. வரிவரியாக மேடும் பள்ளமும். உருளைக்கிழங்கு போட்ட பார்கள். 1845ல் கிழங்கைத் தாக்கிய கருகல் நோயும் தொடர்ந்த பஞ்சமும் அயர்லாந்தில் சுமார் 10 லட்சம் பேரைக் கொன்றன; இன்னும் 10 லட்சம் பேராவது கப்பலேறினார்கள். இந்த ஊரும் பிற்பாடு காலியானது. அப்புறமும் கோடையில் மாடு மேய்க்க வந்தவர்கள் மட்டும் இந்த வீடுகளில் தங்கினார்கள்.

இதை அப்பாவிடம் சொன்னேன்.

"பொங்கலுக்கு மட்டும் நாம வீட்டத் திறக்குற மாதிரி," என்றார். குரலில் குத்தல் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் நிலத்தில் இப்போது சீமைக்கருவேலம்தான்.

விலை பற்றி அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை.

காருக்குத் திரும்பும்போதுதான் கவனித்தேன். யாரும் விதைக்காத அந்தப் பாரை மிதிக்காமல், பள்ளத்திலேயே கால்வைத்து நடந்துவந்தார் அப்பா.