யார் பதில் சொன்னது?

மொழியியல் பாடத்துக்கு ஒரு ஒப்படை தந்தார்கள். பேச்சு பிழைத்துப்போன ஒரு சந்தர்ப்பத்தை எடுத்து, எங்கே பிழைத்தது எண்டு எழுத வேணும். கூட்டாளிகள் படக்காட்சி, வட்ஸ்அப் சண்டை எண்டு எடுத்தார்கள். நான் எடுத்தது ஒரு விமான விபத்து.

"பிளேனில ஏறினதே இல்லை, உனக்கு ஏனடி இது?" எண்டு அறைத்தோழி கேட்டாள். ஏறினதில்லைதான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

விமான நிலையம் எண்டால் மேலே ஒரு கோபுரம் இருக்கும், அதிலிருந்து ஒருவர் "நீ இறங்கு, நீ நில்" எண்டு சொல்லிக்கொண்டிருப்பார் எண்டுதான் நான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் பொதுப் பாவனைக்கு 5000 அளவில் விமான நிலையங்கள் உண்டு. கோபுரம் இருப்பது 500 சொச்சத்தில்தான். மற்ற இடங்களில் விமானிகள் ஒரு பொது அலைவரிசையில் தாங்களே அறிவித்துக்கொள்ள வேணும்: நான் யார், எங்கே நிற்கிறேன், எந்த ஓடுபாதை, என்ன செய்யப்போகிறேன். ஒரே அலைவரிசையைப் பக்கத்து நிலையங்களும் பாவிக்கும். அதனால் ஒவ்வொரு அறிவிப்பிலும் தொடக்கத்திலும் முடிவிலும் அந்த ஊரின் பெயரைச் சொல்வது வழக்கம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் இரண்டுமே விளங்காது. ரேடியோவே இல்லாத சிறு விமானமும் அங்கே சட்டப்படி வந்து இறங்கலாம். கேட்பதோடு கண்ணாலும் பார்க்க வேணும் எண்டு சொல்வது அதனால்தான்.

1996 நவம்பர் 19, மாலை ஐந்து மணியளவு. இலினோய் மாநிலத்தில் குயின்சி என்ற சிறு நகரம். பீச்கிராஃப்ட் 1900 ரகப் பயணிகள் விமானமொன்று 13ஆம் இலக்க ஓடுபாதையில் இறங்க வந்துகொண்டிருந்தது. அதைக் குறுக்கே வெட்டிப் போவது 04ஆம் ஓடுபாதை. அதன் தொடக்கத்தில் கிங் எயார் விமானமொன்று புறப்பட நின்றது. அதற்குப் பின்னால் செரோக்கி எண்ட சின்ன விமானம் தன் முறைக்குக் காத்து நின்றது.

இறங்க வந்தவர்கள் தங்கள் இடத்தைத் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். கடைசிக் கட்டத்தில் கேட்டும் பார்த்தார்கள்: 04இல் நிற்கும் விமானம் அப்படியே நிற்குமா, புறப்படுமா? கிங் எயார் பதில் சொல்லவில்லை. பின்னால் நின்ற செரோக்கி விமானி தன் இலக்கத்தைச் சொல்லி, தான் 04இல் புறப்படக் காத்து நிற்பதாகச் சொன்னார். சரியாக அந்த நேரம், இறங்கும் விமானத்துக்குள் உயரத்தைச் சொல்லும் தானியங்கிக் குரல் "இருநூறு" எண்டு குறுக்கிட்டது. ஒரு துண்டு அடிபட்டுப் போனது. மிச்சத்தில் "கிங் எயார்" என்ற பெயரும் இருந்தது. கேட்டவர்கள் கிங் எயார்தான் நிற்பதாக எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். கிங் எயார் ஓடத் தொடங்கியது. இரண்டும் சந்தியில் மோதின. 14 பேரும் இறந்தார்கள்.

பயணிகள் விமானத்தில் இருந்தவர்களை மோதல் கொல்லவில்லை, புகைதான் கொன்றது. நிலையத்தில் நின்ற விமானிகள் ஓடிப்போய்க் கதவைத் திறக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அந்த அளவு விமானங்களுக்காகத் தீயணைப்பு வண்டி வைத்திருக்க வேணும் என்ற கட்டாயம் அப்போது அங்கே இருக்கவில்லை. இந்த இடத்தில் நான் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் வெளியில் போய் நின்றேன்.

விசாரணையில் முதன்மைப் பிழை கிங் எயார்காரரில் வைக்கப்பட்டது: அலைவரிசையைச் சரியாகக் கவனிக்கவில்லை, சுற்றிப் பார்க்கவுமில்லை. ஆனால் ஒப்படைக்கு எனக்கு வேண்டியது அந்தப் பதில். நாங்கள் ஒரு கேள்வி கேட்டால், அடுத்து வருகிற பேச்சைப் பதிலாகத்தான் எடுப்போம். யார் சொன்னது, எனக்குத்தான் சொன்னதா எண்டு பார்ப்பதில்லை. அதுவும் எங்களுக்கு வேண்டிய பதிலாக இருந்தால் பார்க்கவே மாட்டோம். செரோக்கி விமானி பொய் சொல்லவில்லை, உதவத்தான் நினைத்தார் போல. அவரிடம் கேட்கப்படாத கேள்வி அது, அவ்வளவுதான்.

இனிக் காரணம். ஏ/எல் படிக்கிற காலம், அப்பாவோடு மோட்டார் சைக்கிளில் ரியூசனுக்குப் போவேன். வழியில் காவலாளி இல்லாத ரெயில் கடவை. ஒரு பக்கம் பற்றை, பாதை வளைவு, ஒன்றும் தெரியாது. ஒரு நாள் அப்பா வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் சைக்கிளோடு நின்றவரைக் கேட்டார்: "அண்ணை, வருதே?"

"இல்லை, இல்லை" எண்டு சத்தம் வந்தது. அப்பா ஏற்றினார். பின்சில்லு தண்டவாளத்தைத் தாண்டினதும் முதுகில் காற்று அடித்தது. கோர்ன் சத்தம் அதுக்குப் பிறகுதான் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ரெயில் போய்க்கொண்டிருக்கிறது. அது போய் முடிந்ததும் அந்தப் பக்கம் அந்த மனுசன் காதில் போனோடு நிற்கிறார். எங்களுக்குச் சொன்னாரா, போனில் இருந்தவருக்குச் சொன்னாரா எண்டு இண்டைக்கும் தெரியாது. அப்பா அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். நானும் திட்டினேன். வீட்டில் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

குயின்சியைப் படித்த பிறகு அவரைத் திட்ட மனம் வரவில்லை. கேட்டது நாங்கள். முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, பதில் வந்ததும் பாதையையும் பார்க்கவில்லை. கடவைக்கு ஒரு காவலாளியைப் போட வேணும் எண்டதில் மாற்றுக் கதை இல்லை. போடும்வரைக்கும் அங்கே கோபுரமும் நாங்கள்தான், விமானியும் நாங்கள்தான்.

ஒப்படைக்கு நல்ல புள்ளி வந்தது. போன விடுமுறைக்குப் போனபோது அந்தக் கடவையில் அப்பாவை நிற்பாட்டச் சொல்லி, இறங்கிப்போய் இரண்டு பக்கமும் பார்த்தேன். "பெரிய ஸ்டேசன் மாஸ்டர்" எண்டு சிரித்தார். ஆனால் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுத்தான் சிரித்தார்.