கூண்டுக்குள்ளதானே நிக்கிறோம்

ஓ/எல் முடிச்ச கையோட இரத்தோட்டையில இருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன அண்ணன் ஒருவர், இப்போது வீட்டு வாசலில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருக்கிறார். லீவுக்கு ஊருக்கு வந்த நாங்கள் மூன்று பேர் பார்க்கப் போனோம்.

இரும்புக் கூரை வேலை. பூம் லிஃப்ட் கூண்டில் நின்று போல்ட் முறுக்கியிருக்கிறார். லிஃப்ட் நகரும்போது ஒரு சில்லு குழிக்குள் இறங்கிவிட்டது. கீழே அது சின்னக் குலுக்கல்தான். நீட்டிய கையின் நுனியில் பெரிய வீச்சு. ஆளைத் தூக்கி வெளியே எறிந்துவிடும்.

"கூண்டுக்குள்ளதானே நிக்கிறோம், பெல்ட் எதுக்குன்னு நெனச்சேன் தம்பி."

பெல்ட்டைக் கூண்டிலேயே கொழுவ வேண்டும். பக்கத்து பீமில் கட்டினால், லிஃப்ட் நகரும்போது அதுவே ஆளை இழுத்துவிடும். அமெரிக்காவில் அப்படிக் கட்டுவதற்கு விதியே தடை. சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்ததோடு வேலை கொடுத்தவர் கதையை முடித்துவிட்டார். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலேயே வந்தது. 2022 திருத்தத்துக்குப் பிறகு நட்டஈட்டின் உச்சத்தொகை 20 இலட்சம் ரூபா. அண்ணனுக்கு இது தெரியாது. கலைப்பீடத்தில் உரிமை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் எங்களுக்கும் அன்றிரவு தேடிப் படிக்கும்வரை தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை அவரோடு மாத்தளை தொழில் அலுவலகத்துக்குப் போகிறோம். சம்பளச் சிட்டை இல்லை; காசு கையில்தான் கொடுத்தார்களாம். கூண்டில் நின்று எடுத்த செல்ஃபி ஒன்று போனில் இருக்கு. அதையாவது கொண்டுபோகிறோம்.